வாரத்துக்கு ஏழு சனிக்கிழமை

பின் சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் போக வேண்டும். முதலாளி சீனிவாசலு நாயுடு லேண்ட்மாஸ்டர் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், டிரைவர் சிக்கந்தர் டயர் பார்க்கிற சாக்கில் குனிந்து அங்கே விரலை விட்டுப் பார்ப்பான். பன்னிரண்டு வருஷப் பழக்கம் அது.

அந்தக் காரின் பின்பக்க ஸ்பிரிங் சுருள் அல்ல. வில்லாக வளைத்த இரும்புப் பட்டைகளை, நீளமானதற்குக் கீழே அதைவிடக் குட்டையானதாக அடுக்கி, நடுவில் இறுகக் கட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் வில் நிமிரும். நிமிர்ந்த அளவுக்கு வண்டி தாழும். பாரம் இறங்கினால் மறுபடி வளைந்துகொள்ளும். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு தராசுதான். ஒரு வித்தியாசம், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத் தன்னை நிறுக்கிறார்கள் என்று தெரியாது.

புரட்டாசி பிறந்த அன்று நான்கு விரல் போயிற்று. மாதம் முடிகிற சமயத்தில் மூன்றுதான் போனது.

அந்த ஒரு மாதமும் நாயுடு உடம்பை இளைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். கோயமுத்தூர் டாக்டர் நிறுத்துப் பார்த்து, இருநூற்றுப் பதினாலு பவுண்டு என்றார். பதினைந்து பவுண்டு குறைத்தால்தான் கத்தியைத் தொடுவேன், இந்தக் கொழுப்பில் தையல் நிற்காது என்றும், நாளைக் கடத்தினால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். முதலாளியின் மனைவி ராமாமணி அம்மாளுக்கு அது புரியவில்லை. மாடிப்படி ஏறத் தோள் கொடுத்து வந்த சிக்கந்தருக்கு உடனே புரிந்தது. டயர் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கிற டியூப் பிதுங்கி நிற்கும். ஒட்டுப் போட வேண்டுமானால் முதலில் காற்றை இறக்க வேண்டும். காற்று நிறைந்த டயரில் எவனாவது ஒட்டுப் போடுவானா?

நாயுடு பம்ப்செட் செய்து விற்கிறவர். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், பவானி என்று தினம் நூறு மைல் ஏஜென்டுகளைத் தேடிப் போக வேண்டும். ராமாமணி அம்மாள் விடியலிலேயே நான்கு அடுக்குக் கேரியர் கட்டினார்: ராகிக் களி, கீரை கடைசல், கொள்ளுப் பருப்பு, நறுக்கிய வெள்ளரிக்காய். கூடவே ஒரு பாட்டில் மோர்.

முதல் நாளே உடுமலையில் ஒரு ஓட்டல் வாசலில், "நிறுத்துப்பா" என்றார் நாயுடு.

"கேரியர் இருக்குதுங்களே முதலாளி?"

"அத நீ சாப்புடு. நான் வெரதம்."

விரதக்காரர் உள்ளே போய் நெய் ரோஸ்ட் இரண்டு, பூரி ஒரு செட், உளுந்து வடை, கடைசியில் கொஞ்சம் கேசரி சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். வரும்போதே விளக்கமும் தயாராக இருந்தது.

"ஏம்ப்பா சிக்கந்தரு, சனிக்கெழம பெருமாளுக்கு வெரதம் இருந்தா எங்கூட்டுல சோறு திம்போமா?"

"தெரியலீங்க."

"திங்க மாட்டோம். பலகாரந்தான். அப்ப பலகாரம் வெரதச் சாப்பாடா, இல்லையா? டாக்டரு சோத்தக் கொறைங்கன்னாரு. நான் அடியோட நிறுத்திப்போட்டேன். வாரத்துக்கு ஏழு நாளும் எனக்குச் சனிக்கெழமதான்."

"தோசையும் அரிசிதானுங்களே?"

"ஊறவெச்சு ஆட்டிப்போட்டா அப்பறம் அது எப்படிப்பா அரிசி?"

மோட்டாரில் எந்தக் கம்பிச் சுருள் எத்தனை சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷன். ஆட்டுக்கல்லில் மட்டும் அரிசி மாயமாக மறைந்துவிடுகிறது!

அன்று முதல் சிக்கந்தர் மர நிழலில் வாழையிலை போட்டுக் கேரியரைக் காலி செய்தான். கழுவித் துடைத்து வீட்டில் கொடுத்தான். காலி அடுக்குகளைப் பார்த்து ராமாமணி அம்மாள் பூரித்துப் போனார். சிக்கந்தர் வாயைத் திறக்கவில்லை. முதலாளி காரியம் நமக்கென்ன என்று மனசுக்குள் ஏளனம் செய்தபடி களியை உருட்டி விழுங்கினான். களி நன்றாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் இடுப்பு இளைத்து, பெல்ட்டை இறுக்க ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். தராசு முள் இருநூற்று இருபதில் நின்றது. முதலாளியின் புடைப்பு எலுமிச்சையிலிருந்து சாத்துக்குடி ஆகியிருந்தது.

"இன்னும் ஒரு மாசம் தரேன். அதுக்குள்ள குடல் மாட்டிக்கிச்சுன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் கையைக் கழுவப் போனார்.

"சோத்தக் கையால தொடலீங்க டாக்டர்!" என்றார் நாயுடு, நிஜமாகவே மனம் நொந்து.

ராமாமணி அம்மாளின் பார்வை கணவரைத் தாண்டி, கதவோரம் நின்ற சிக்கந்தரின் பெல்ட்டில் போய் நின்றது. ஓட்டைகளை எண்ணியது போலிருந்தது.

"கொள்ளுப் பருப்பு நல்லா இருந்துச்சா கண்ணு?"

சிக்கந்தருக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பான். "உப்புத்தானுங்க அம்மா, கொஞ்சம் கம்மி" என்றான்.

"அவரு மருந்தை நீ தின்னு, நீ நல்லாயிட்டே. நாளைக்கு உனக்குத் தனிக் கேரியர். அவரோடத அவரு திங்கோணும். இல்லைன்னா ரெண்டு பேரும் ஊட்டுக்கு வராதீங்க."

அம்மாள் போன பிறகும் அந்த வார்த்தை சிக்கந்தரின் காதில் நின்றது. பிதுங்கிய டியூபுக்கு ஒரு மாதமாகக் காற்றடித்தவர் முதலாளி. பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தான். இத்தனை நாள் முதலாளியைப் பார்த்து வந்த ஏளனத்தில் பாதி தன் பக்கம் திரும்பியது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பொள்ளாச்சி ரோடு. கிணத்துக்கடவு ஓட்டல் தூரத்தில் தெரிந்ததுமே நாயுடு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நிறுத்துப்பா."

கார் நிற்கவில்லை.

"ஏனப்பா, காது கேக்கலையா? ஓட்டல் போகுது!"

"போகட்டுங்க."

"யாரு காரு இது?"

"உங்க காருங்க. பிரேக் எங்காலுல இருக்குதுங்க."

நாயுடு திட்டினார். சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார், சம்பளம் இல்லை என்றார், கடைசியில் இன்னிக்கு நிஜமாகவே சனிக்கிழமை என்றார். எல்லாம் எஞ்சின் சத்தத்தில் கரைந்தது. நான்கு மைல் தள்ளி, தென்னந்தோப்பு ஓரத்தில், ஒரு பெட்டிக் கடைகூட இல்லாத இடமாகப் பார்த்து சிக்கந்தர் காரை ஓரங்கட்டினான். இரண்டு கேரியர்களையும் இறக்கி, ஒன்றை முதலாளி முன் வைத்தான்.

"பசிக்கலப்பா" என்றார் நாயுடு.

"சரிங்க." சிக்கந்தர் தன்னுடையதைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். இன்று உப்பு சரியாக இருந்தது.

கால்மணி நேரம் போயிற்று. நாயுடு எதிரியின் வீட்டுக் கதவைத் திறப்பதுபோல ஒரு அடுக்கைத் திறந்தார். களியைக் கிள்ளினார். பிறகு தலை நிமிராமல் நான்கு அடுக்கும் முடித்து, மோரையும் குடித்தார்.

ஏறி உட்கார்ந்ததும் சிக்கந்தர் வழக்கம்போலச் சக்கரத்தருகே குனிந்தான். நாயுடு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தெனமும் அங்க என்னப்பா நோண்டறே?"

சிக்கந்தர் ஒளிக்கவில்லை. ஸ்பிரிங் எப்படித் தாழும், விரல் கணக்கு என்ன, புரட்டாசியில் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் சொன்னான். மிஷின் கணக்கு என்றால் நாயுடுவுக்கு உடனே புரியும்.

"சரி, இப்பப் பாரு" என்றார் ஆவலாக. "இன்னிக்குப் பூரி இல்ல, வடை இல்ல. இப்ப எத்தனை வெரல்?"

சிக்கந்தர் விரலை விட்டுப் பார்த்தான்.

"ரெண்டே முக்காலுங்க முதலாளி. களி இன்னும் உள்ளதானுங்களே இருக்குது."