கம்பளியில் தங்கிய மணம்

கீழ்வானம் வெளுக்கத் துணியாமல் சாம்பல் பூத்துக் கிடக்க, கடலும் கரையும் ஒன்றையொன்று இன்னும் அடையாளம் கண்டுகொள்ளாத வைகறைப் பொழுதில், ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வலக்கரையில் கருங்கல்லால் எழுந்து நிற்கும் கொடிமாடத்தை, சுவையறிந்து படிக்கும் பெருந்தகையீர், சற்றே அண்ணாந்து பாருங்கள். வருகின்ற கலங்கள் எந்த வாயில் வழியே புக வேண்டும், எந்தத் துறையில் கட்ட வேண்டும் என்பதைப் பகலில் கொடியாலும் அந்தியில் விளக்காலும் சொல்லிக்கொடுப்பது அம்மாடத்தின் தொழில். கீழே, கயிற்றுக் கிடங்கின் கதவிடுக்கில் கலங்களுக்குப் பூசும் கீல் மணக்கும்; கவிழ்த்து வைத்த மீன்கூடைகளில் நேற்றைய கடல் மணக்கும். மேலே, காற்று நான்கு பக்கமும் புகுந்து விளையாடும் உச்சி அறையில் ஒரு நாற்காலி, ஒரு தொலைநோக்கி, கொடிகள் அடுக்கிய பேழை, சுவரில் அறைந்த ஆணியில் தொங்கும் தடித்த கருங்கம்பளி அங்கி. நம் கதை முழுவதும் அந்த அங்கியைச் சுற்றியே நடக்கப்போகிறது. ஆதலால் அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேளையில் அக்கரை வீடொன்றில் புறப்பட்டுக்கொண்டிருந்தவன் விடியற்காவலன். நாற்பதை எட்டிப் பார்க்கும் அகவை. திருமணப் பேச்சை எவர் எடுத்தாலும் "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிவிட்டே, நெற்றியின் எல்லையை உச்சந்தலை வரை நகர்த்திக்கொண்டவன். வாய் அதிகம் திறவாதவன், சிக்கனக்காரன். ஆயினும் தனக்குத் தானே ஒரே ஒரு செல்லம் கொடுத்துக்கொண்டிருந்தான். கலத்தில் அடுப்படி வேலை பார்த்த தாய்மாமன், "ஆம்பளைன்னா அவனுக்குன்னு ஒரு மணம் வேணுண்டா" என்று என்றோ கையில் திணித்துவிட்டுப் போன நறுமண நீர்க்குப்பி அது. ஆடவர்க்கென்று வடித்த பழைய வகை. புதிது புதிதாய் எத்தனையோ வந்தபோதும் அவன் தீரத் தீர அதையே தேடி வாங்கினான். குளித்து உலர்ந்த கழுத்தில் இரண்டு துளி, மணிக்கட்டில் ஒரு துளி. தேய்க்க மாட்டான், தேய்த்தால் மணம் நசுங்கிவிடும் என்பது அவன் கொள்கை. பிறகு விளக்கைத் தணித்துக் கண்மூடி நிற்பான். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு சுரீர் வரும். அதன் பின்னே கிச்சிலிப் பழத்தின் இனிப்பு வரும். அதற்கும் பின்னே, நாரத்தை இலையைக் கசக்கிய பசுங்கசப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். அந்தச் சில மூச்சுகளுக்காகவே அவன் நாள்தோறும் விடியுமுன் எழுந்தான் என்றால் மிகையாகாது.

ஓடத்தில் ஆற்றைக் கடப்பதற்குள் அந்த மணம் அவன் மூக்கை விட்டுப் போய்விடும். நல்லது எதுவும் நெடுநேரம் நிற்பதில்லை என்று பெருமூச்சு விட்டு அதோடு மறந்துவிடுவான். இங்கேதான் நம் காவலன் ஏமாந்தான். போனது பழத்தோலின் மணம் மட்டுமே. உடற்சூடு ஏற ஏற அதன் அடியில் உறங்கியிருந்த வெட்டிவேரும், அகிலும், மழையில் நனைந்த மரப்பாசியும் ஒவ்வொன்றாய்க் கண்விழித்து, அவன் அறியாமலே அவன் தோளில் குடியேறிவிடும். நம் வீட்டு மணம் நமக்குத் தெரியாததுபோல, தன் மேலிருந்த அந்த மணம் அவனுக்குத் தெரியவில்லை. மாடத்தில் அங்கியை எடுத்து மாட்டும்போது மட்டும், ஒரு காய்ந்த மரமணம் மூக்கில் படும். கம்பளி என்றால் இப்படித்தான் மணக்கும் போலும் என்று எண்ணிக்கொள்வான்.

நண்பகலில் அவனிடமிருந்து காவலை ஏற்பவர் பத்தாயத்தார். பெயர் வேறு, நெற்பத்தாயம் போன்ற உடல் பற்றி வந்த பெயர் இது. அந்த அங்கி அவருடைய ஒரு கையைக்கூட முழுதாக ஏற்றுக்கொள்ளாது. மூக்குப்பொடி போட்டுப் போட்டு, பூவுக்கும் புகைக்கும் வேறுபாடு தெரியாத மூக்கை உடையவர். அடுத்தவர் காலை வாரிவிடுவதில் மட்டும் பெருந்திறமை கொண்டவர். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த ஒருவனை அயலூர்த் துறைத்தலைவர் என்று சொல்லி, ஊழியர் அத்தனை பேரையும் அரைப்பகல் கைகட்டி நிற்கவைத்த பெருமை அவருடையது.

பொழுது சாயும்போது அவரிடமிருந்து காவலை ஏற்க வருபவள் மாலைக்காவற்பெண். அண்ணன் வீட்டில் இருப்பவள். முப்பதைத் தாண்டியும் தனக்கென ஒரு மூலை வாய்க்காதவள். கடந்த மழைக்காலத்தில்தான் இத்துறைக்கு வந்தாள். வந்த முதல் மாலையில் கடற்காற்று எலும்பைத் தொட, ஆணியிலிருந்த அங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். போர்த்திக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். வெயில் இறங்கிய காட்டின் நடுவே, பேசாத ஒருவர் அருகில் வந்து அமர்ந்தாற்போல் இருந்தது. இனிப்பு இல்லை, பகட்டு இல்லை; அவசரமே அறியாத மணம். யாருடைய மணமென்று பத்தாயத்தாரைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. விளக்கேற்றிவிட்டுக் கழுத்துப்பட்டியில் முகம் புதைத்து, கலங்கள் அசையும் இருட்டைப் பார்த்திருக்கும் மாலைகள், அவள் வாழ்வில் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த முதல் மூலை ஆயின.

அங்கியில் ஒரு பொத்தான் கழன்று தொங்கியது. நீலநூல்தான் கையிலிருந்தது, அதைக் கொண்டே தைத்து வைத்தாள். மறுநாள் விடியலில் நீலநூலைக் கண்ட காவலன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். நன்றி சொல்ல வழி தெரியாமல், அங்கியின் பையில் வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். அதில் பாதி இடையிலேயே பத்தாயத்தார் வயிற்றுக்குப் போனதென்பது வேறு செய்தி. அன்றுமுதல் கிழிந்த பை தைக்கப்பட்டது, அவிழ்ந்த ஓரம் மடிக்கப்பட்டது. கடலையும் தவறாமல் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, ஒரே கம்பளிக்குள் இருவர் குடியிருந்தனர்.

அப்படியிருக்க, தொலைவிலுள்ள வேறொரு துறையில் தலைமைக் காவல் அவளுக்கு வாய்த்தது. தங்க வீடும் உண்டு. போவதாயின் இன்ன நாள் மாலைப் படகில் ஏறிவிட வேண்டும். இல்லையேல் அந்த இடம் வேறொருவருக்கு. அண்ணியின் முகம் மலர்ந்தது. அண்ணன் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். அவளுக்கோ ஒரு கம்பளி அங்கியை விட்டுப்போக மனம் வரவில்லை என்று எவரிடம் சொல்வது? சொன்னால் சிரிக்க மாட்டார்களா? கடலைப் பொட்டலத்தையும் நீலநூலையும் நாள்தோறும் நடுவிலிருந்து பார்த்து வந்த பத்தாயத்தார்தாம் ஒருநாள் மூக்குப்பொடியை உதறியபடி கேட்டார்.

"ஏந்தங்கச்சி, போறதுக்கு முன்னாடி அந்தத் தம்பிய ஒருதடவ பாத்துட்டுப் போயேன். கடலைக்காரன்."

"நான் எதுக்குண்ணே பாக்கணும்?" என்றாள், காது சிவக்க.

"ஒன்னுக்கும் இல்ல. சும்மாதான்."

படகு புறப்படும் நாளன்றே, கழிமுகத்தில் மண் அள்ளும் வேலை நடந்ததால் பெருங்கலங்கள் வராமல் மாடம் ஓய்ந்திருந்தது. வெயில் இளஞ்சூடாய் இருந்த முற்பகலில், பத்தாயத்தார் ஏற்பாட்டில், மாடத்தடிக் கற்பலகையில் சந்திப்பு. அவளைக் காணப்போகிறோம் என்ற மகிழ்ச்சியில் நம் காவலன் செய்த பிழையை என்னென்று சொல்வோம்! இரண்டு துளிக்காரன் அன்று குப்பியைக் கவிழ்த்தான். கழுத்தில், மணிக்கட்டில், நெஞ்சில், போதாதென்று கழுத்தில் சுற்றிய புதுப் பருத்தித்துண்டிலும் தெளித்துக்கொண்டு, ஓடத்தில் வந்தால் மணம் போய்விடுமே என்று கரையில் இறங்கி மீண்டும் ஒருமுறை பூசிக்கொண்டு, எலுமிச்சையும் கிச்சிலியும் முன்னே கட்டியம் கூற வந்து நின்றான். பத்தாயத்தார் இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவிட்டு, ஒரு பெருந்தும்மலோடு விடைபெற்றார்.

"நீங்கதான் விடியக்காலை ஆளா?"

"ஆமாங்க."

"அந்தக் கம்பளியப் போட்டுக்கறது நீங்கதானா?"

"நானேதாங்க. பொத்தான் தைச்சது நீங்கதானே? நீலநூலு."

அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். பழத்தோட்டமே எதிரில் நின்று கூச்சலிட்டது. அவள் அறிந்த அமைதியான மரநிழல் எங்கும் இல்லை. இவர் அவர் இல்லை. பத்தாயத்தார் தம் வேலையைக் காட்டிவிட்டார். நீலநூலும் கடலையும் அவர் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவைதாமே!

"நாரத்தைத் தோப்பே நடந்து வந்த மாதிரி இருக்கு" என்றாள் வறண்ட குரலில்.

"இது எனக்கு ரொம்பப் பிடிச்ச மணங்க" என்று அவன் முகம் மலர்ந்தான், பாவம்.

"நான் இன்னிக்குச் சாயங்காலப் படகுல போறேன்."

அவன் கை தானாகவே எழுந்து, முன்மயிர் இல்லாத நெற்றியை மறைத்தது. தன் முகம் பிடிக்கவில்லை என்றுதான் அவன் நினைத்தான். இருந்தும், "பெட்டி கனமா இருக்குமே. நான் வந்து தூக்கிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டான். இத்தனை நயமாகக் கேட்கிறவரிடம் எப்படி மறுப்பது? நடிக்க வந்தவராயினும் நல்லவர் என்று எண்ணி அவள் தலையசைத்தாள்.

அன்றைய பிற்பகல் மிக மெல்லக் கரைந்தது. அண்ணன் வீட்டிலிருந்து பெட்டியைத் தோளில் ஏற்றி, கயிற்றுக் கிடங்குத் தெரு வழியே, வியர்க்க விறுவிறுக்க அவன் துறைக்கு வந்து சேர்ந்தபோது, நீரேற்றம் வரும்வரை படகு கிளம்பாது என்றான் படகோட்டி. பெட்டியின் இரு முனைகளில் இருவரும் அமர்ந்தனர். பேச ஏதுமில்லாதவர்கள் பேசுவதுபோலக் கடலைப் பற்றிப் பேசினர். விடியலில் முதற்கலம் மூடுபனியிலிருந்து வெளிப்படும்போது, முதலில் பாய்மரம் மட்டும் தண்ணீரில் நடந்து வருவதுபோல் தோன்றும் என்று அவன் சொன்னான். அந்தியில் கடைசிக் கலத்தின் விளக்கு மறைந்த பிறகும், கொஞ்சநேரம் அந்த இடம் மட்டும் வெளிச்சமாய் இருக்கும் என்று அவள் சொன்னாள். ஒரே நாற்காலியிலிருந்து பார்த்த கடல் அது. அவளுக்கு உள்ளே ஏதோ நெருடியது. ஆனாலும் மூக்கு ஒப்பவில்லையே!

கதிரவன் சாய்ந்தான். நீர் ஏறத் தொடங்க, கடற்காற்று திரும்பியது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டதைக் கண்டவன், கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து, சற்றே தயங்கி நீட்டினான். மறுக்க எண்ணியவள் குளிர் தாளாமல் வாங்கிச் சுற்றிக்கொண்டாள்.

"ஏறுறவங்க ஏறுங்க!" என்று படகோட்டி குரல் கொடுத்தான்.

அவள் எழவில்லை. துண்டின் ஓரத்தை முகத்தருகே பிடித்தபடி, ஆழ்ந்த நீரில் எதையோ கேட்பவள்போல் இருந்தாள். காலையில் கூச்சலிட்ட பழங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தன. வெட்டிவேரும் அகிலும் நனைந்த பாசியும், அவள் அறிந்த அதே அவசரமின்மையோடு அங்கே அமர்ந்திருந்தன.

"இது யாரோட துண்டு?"

"என்னோடதுதாங்க. ஏன், அழுக்கா இருக்கா?"

"நடுவுல வேற யாராவது போட்டுக்கிட்டாங்களா?"

"இல்லீங்களே. காலையிலருந்து என் கழுத்துலதான் கெடக்கு."

அவள் துண்டை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். "மோந்து பாருங்க."

அவன் முகர்ந்தான். வியப்போடு மீண்டும் முகர்ந்தான். "இது மாடத்துக் கம்பளியோட மணமாச்சே! இதுல எப்படி வந்துச்சு?"

"இது கம்பளியா?"

அவன் கையிலிருந்த பருத்தித்துண்டைப் பார்த்தான். பிறகு, தன் மணிக்கட்டை மெல்ல மூக்கருகே கொண்டுபோனான். இத்தனை ஆண்டுகள் தன் தோளிலேயே வாழ்ந்த ஒருவரை அன்றுதான் நேரில் கண்டான் அவன், கண்கள் கலங்கிவிட்டன.

"அப்ப காலையிலேயே இது தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கினான்.

"காலையில நீங்க எங்க வந்தீங்க? இப்பத்தானே வந்தீங்க" என்றாள் அவள், சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அம்மா, பெட்டிய ஏத்தலாமா, வேணாமா?" என்று படகோட்டி சலித்துக்கொண்டான். சொன்னதைச் செய்தே பழகிய நம் காவலன், நெஞ்சு கனக்கப் பெட்டியைத் தூக்கிப் படகை நோக்கி நடந்தான்.

"அந்தப் பக்கம் இல்லீங்க" என்றது பின்னாலிருந்து அவள் குரல். "விளக்கேத்தற நேரமாச்சு. மாடத்துக்கு வாங்க."

படகு அவள் இன்றியே புறப்பட்டது. அதிலிருந்தோர் திரும்பிப் பார்த்தபோது, கொடிமாடத்தின் உச்சியில் வழக்கம்போல் விளக்கு எரிந்தது. அதனருகே ஒரே அங்கியை இரு தோள்கள் பங்கிட்டிருந்ததை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. கீழ்ப்படியில் அமர்ந்திருந்த பத்தாயத்தார் மட்டும், திரும்பி வந்த பெட்டியின்மேல் சாய்ந்தபடி மீதிக் கடலையைத் தின்று தீர்த்தார்.

நல்லறிவுடையீர், மணத்தில் முதலில் எழுவது வணக்கம் மட்டுமே. அது நம்மோடு தங்கப்போவதில்லை. வணக்கத்தைக் கேட்டே எழுந்து போய்விடுவோர் எத்தனை பேர், நாமும் எத்தனை முறை அப்படிப் போயிருக்கிறோம் என்பதை எண்ணினால் உள்ளம் கனக்கிறது. படகு பிந்திய ஒரு மாலையின் அருளால் இவ்விருவரும் தப்பினர். இப்போதும் விடியற்காவலன் விளக்கைத் தணித்து, இரண்டே துளி இட்டு, கண்மூடி எலுமிச்சையைச் சுவைத்துவிட்டுத்தான் கிளம்புகிறான். ஆனால் ஓடத்தில் பெருமூச்சு விடுவதில்லை. நண்பகலில் காவல் முடிந்து படியிறங்கும்போது மணிக்கட்டை ஒருமுறை முகர்ந்து, தான் வந்துவிட்டோமா என்று பார்த்துக்கொண்டு, அவள் இருக்கும் தங்கள் அக்கரை வீட்டுக்கு ஓடம் ஏறுகிறான்.