பூசாத சுவர்

...வெள்ளை அடித்துவிட்டுப் போகட்டுமே, சுவர் இவருடையதா என்ன, கட்டிக் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பா மாதிரி... வரைந்து கட்டிய ஆர்க்கிடெக்ட் என்பதால்தான் பங்குத்தந்தை மரியாதைக்கு அழைத்துக் கேட்கிறார், மூன்றாவது தடவையாக, என் வீட்டுக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கால் கடுக்கிறது. ஜன்னலே இல்லாத மாதா கோயில், கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீற்று, வெளிச்சம் என்று அவ்வளவுதான், பூசாத கான்கிரீட்டில், ஊற்றுவதற்கு அடைத்த சென்ட்ரிங் பலகையின் ரேகை, மரத்தின் கண்கூட அப்படியே பதிந்திருக்கிறது, இதன்மேல் எதைப் பூசினாலும் அது பொய் என்பார், சாப்பிடும்போது, படுக்கும்போது... விடிந்ததும் கான்கிரீட் ஊற்ற ஆரம்பிப்பார்கள், அடியிலிருந்து மேலே, இருட்டுவதற்குள் ஆள் உயரம் தாண்டிவிடும், நடுவில் நிறுத்தவே கூடாது, கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமே ஆகிவிட்டது. மூத்தவள் பிறந்த அன்றும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். விடியற்காலையில் வலி எடுத்து, அக்காதான் கூட்டிப் போனாள், இவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார், விரல் இடுக்கெல்லாம் காய்ந்து வெளுத்த சிமெண்ட். "உன் வீட்டுக்காரர் செவுத்துக்குப் பிரசவம் பார்த்துட்டு வர்றாருடி" என்றாள் அக்கா. அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்து இத்தனை வருஷத்தை ஓட்டியாயிற்று, சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்...

"இதப் பாருங்க சார்," பங்குத்தந்தை பக்கச் சுவரைக் காட்டுகிறார், "இந்தக் கோடு. விரிசல்னு பயந்து இந்தப் பக்கம் யாருமே உட்கார மாட்டேங்கறாங்க. நான் என்னடான்னா என் பிரசங்கத்துக்குப் பயந்துதான் ஓடறாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன்." இவர் திரும்பக்கூட இல்லை. "விரிசல் இல்ல ஃபாதர். பாதியில நிறுத்தினது. மறுநாள் மேல போட்டா அப்படித்தான் தெரியும்." ஏன் நிறுத்தினீர்கள் என்றதற்கு, "மூத்தவ பொறந்த அன்னைக்கு" என்கிறார், மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. நிறுத்தினாரா, எனக்காகவா, ஊராரிடம் சொல்ல வந்த வாய்க்கு என்னிடம் மட்டும் என்ன பூட்டு... அக்கா இருந்தால் இப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன், ஏய், நாம சிரிச்சதெல்லாம் தப்புடி என்று... கிட்டே போய்த் தொடுகிறேன். பலகை ரேகை அங்கே நின்று, மேலே வேறு ரேகையாகத் தொடங்குகிறது. விரலை ஓட்டிக்கொண்டே நடக்கிறேன், பெஞ்சுகளைத் தாண்டி, மூலை வரைக்கும், கை உயரவே இல்லை. இடுப்பளவு. சுவர் முழுக்க இடுப்பளவுதான். இருட்டுவதற்குள் ஆள் உயரம் தாண்டும் என்றால்... உச்சி வெயிலுக்கு முன்பே நின்றிருக்கிறதே. ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு தெரு. நடந்தே வரலாம். அந்தப் பகல் முழுக்க எங்கே இருந்தார், ஆஸ்பத்திரி வாசலிலா, மாடியேறப் பயந்தா, இல்லை வேறு எங்காவதா...

"ஏங்க" என்கிறேன். இப்போதுதான் திரும்புகிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருக்கிற என் கையைப் பார்க்கிறார், அது நிற்கிற உயரத்தை.

"அடிச்சிடுங்க ஃபாதர். வெள்ளையே அடிச்சிடுங்க."

இவ்வளவு சுலபமாக இவர் எதற்குமே சம்மதித்ததில்லை.