முந்நூறா, இரண்டாயிரத்து ஐந்நூறா

முப்பது மணி நேரம் இருந்தது. நாளை நள்ளிரவுக்குள் காப்பீட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் ஓர் எண்ணை மாற்றிவிட வேண்டும். மாற்றினால் ஜனவரியிலிருந்து புது எண். தவறினால் இன்னும் ஓர் ஆண்டுக்குப் பழையதுதான்.

கோர்சினுக்கும் எனக்கும் அந்த எண் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆண்டின் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்க் வரை மருத்துவச் செலவு எங்கள் கையிலிருந்து போகும். அதற்கு மேல்தான் கம்பெனி. நோய்நொடி இல்லாதவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். மாதச் சந்தா குறையும்.

"எனக்கு மட்டும் முந்நூறுன்னு மாத்திடு," என்றான் கோர்சின்.

நான் சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஜனவரி பட்ஜெட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

"மாசம் நூத்தி இருபத்தஞ்சு கூடும்."

"கூடட்டும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைச் சீட்டு எத்தனை மணிக்கு ஒட்டுவார்கள் என்று தெரிந்து வைத்திருப்பவன் அவன். கேக் சுட்ட காகிதத்தைத் துடைத்து மறுபடி பயன்படுத்துபவன். கொதிகலன் பொருத்தும் வேலை அவனுக்கு. மாடிப்படியில் பாரம் தூக்கியே உடம்பு இறுகிப் போனவன். திருமணமான மூன்று ஆண்டுகளில் அவன் மருத்துவரிடம் போனதில்லை.

"வேற எதுல குறைக்கிறது?" என்று கேட்டேன். "வரிக்கு ஒதுக்கினதுல கை வைக்க முடியாது. உன் ரயில் பாஸா, என் ரயில் பாஸா?"

"நான் மதியம் வீட்டுலேருந்து ரொட்டி கட்டிட்டுப் போறேன்."

"இப்பவே அப்படித்தானே போற?"

"அப்போ சீஸ் வைக்காம கட்டிக்கிறேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மார்ச் முடிவதற்குள் வெளியேற வேண்டும். வின்டர்தூர் நகரில் பதினேழு வீடுகளுக்கு வரிசையில் நின்று பார்த்தோம். ஒன்று கிடைத்தது. வாடகை 2,480. மூன்று மாத முன்பணம் 7,440. டிசம்பர் பத்தாம் தேதி கட்ட வேண்டும். சேமிப்பில் இருப்பது 7,900. எல்லாச் செலவும் போக மாதக் கடைசியில் எண்பத்தைந்து பிராங்க் மிஞ்சும் என்று பட்ஜெட் சொன்னது. சந்தாவைக் கூட்டினால் மிஞ்சுவது போய் நாற்பது துண்டு விழும். நான்கு முறை கூட்டிப் பார்த்தேன். நான்கு முறையும் நாற்பதுதான்.

அழைப்புமணி அடித்தது. அவனுடைய அக்கா மாட்லைனா இரண்டு பெரிய பைகளோடு உள்ளே வந்தாள். ஜெர்மனி எல்லையைத் தாண்டி, விலை மலிவான கொன்ஸ்டான்ஸில் மளிகை வாங்கி வந்திருந்தாள்.

"உங்களுக்கு ஒரு கோழி, ஒரு கிலோ அரைச்ச மாட்டிறைச்சி. என் மாமியாரையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போனேன். ஆளுக்கு ஒரு கிலோ கறிதானே சுங்கத்துல விடறான்? அவங்களுக்கு ஊர் சுத்தின மாதிரி ஆச்சு, எனக்கு இன்னொரு கிலோ ஆச்சு. டேய், நீ ஏன் இந்த மாசம் ஒரு தடவைகூட வரலை?"

"பெட்ரோல் செலவு," என்றான் கோர்சின்.

அதுவும் எனக்குப் புரியாத கணக்குதான். ஒரு முறை போய்வந்தால் பெட்ரோல் போக அறுபது பிராங்க் மிச்சம் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவனே அவன்தான். இரண்டு வாரமாகக் கார் சாவியைத் தொடவில்லை.

மாட்லைனா என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். "முந்நூறா? யாருக்கு? இவனுக்கா? என்னடா, முழுகாம இருக்கியா?"

"சும்மா இரு, மாட்லைனா."

"அப்படியே இருந்தாலும் முந்நூறு வேண்டாம். பிரசவச் செலவு எப்படியும் கம்பெனியோடது. அனினா, இவனுக்கு விளங்கற மாதிரி சொல்லு. நீதான் படிச்சவ."

"நான் படிச்சது உயிரியல்," என்றேன். "குடிநீரைச் சோதிக்கத் தெரியும். இது எனக்கே விளங்கலை."

"இவன் எங்கப்பா மாதிரி. அவருக்கு அக்டோபர்ல குடலிறக்கம் வந்துது. யார்கிட்டயும் மூச்சு விடலை. சந்தாவை மட்டும் முந்நூறுக்கு மாத்திட்டு, ஜனவரி ரெண்டாம் தேதிதான் டாக்டர்கிட்ட போனார். அதுவரைக்கும் பேன்ட் பைக்குள்ள கையை விட்டு அதைப் பிடிச்சுக்கிட்டே நடந்தார். ஊரே அவரைப் பெரிய மிடுக்கான ஆளுன்னு நினைச்சுது!"

நாங்கள் இருவரும் சிரித்தோம். கோர்சின் கோழியைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு கீழே திறந்து கிடந்தது. வலது கால் அதில் பலமாக இடித்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை, மூன்றும் வலது கால்.

"பாத்து நடடா," என்று சொல்லிவிட்டு மாட்லைனா கிளம்பினாள். மாமியார் காரிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

நான் மறுபடி கணக்குக்கு வந்தேன். வேறு பக்கத்திலிருந்து போட்டேன். எவ்வளவு செலவு வந்தால் முந்நூறாக மாற்றுவது லாபம்? ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதற்கு மேல் செலவு வரும் என்று தெரிந்தவர்கள்தான் மாற்றுவார்கள். கோர்சினுக்கு அப்படி என்ன செலவு? மனநல மருத்துவரா? என்னால்தானா? நான் அதிகம் பேசமாட்டேன். வாய்விட்டுக் கேட்க வேண்டியதையும் எண்களிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். அவனுக்கு அது சலித்துப் போயிருக்கலாம்.

"வெளியே மின்னுதா?" என்று கேட்டான் கோர்சின்.

ஜன்னலைப் பார்த்தேன். தெருவிளக்கு, ஈரச் சாலை, நிறுத்தியிருந்த கார்கள். நவம்பர் மாதம். மின்னல் இல்லை.

"இல்லையே."

"சரி."

போன ஞாயிற்றுக்கிழமையும் இதையே கேட்டான். அன்று மழைகூட இல்லை. பனி தள்ளும் வண்டியின் விளக்காக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். பனியே விழவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் ஆண்டு உடலியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. விழித்திரை கண்ணின் பின்சுவரிலிருந்து இழுபடும்போது, இல்லாத வெளிச்சம் மின்னும். முழுதாகப் பிரிந்துவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம். அது நாள் கணக்கில் நடக்கும். ஜனவரி வரை காத்திருக்காது.

மடிக்கணினியை மூடினேன்.

"கோர்சின், எதை ஜனவரிக்குத் தள்ளி வச்சிருக்கே?"

அவன் கத்தியைக் கழுவினான். துடைத்தான். மறுபடி கழுவினான்.

"இப்போ போனா இந்த வருஷத்து ரெண்டாயிரத்து ஐந்நூறும் நம்ம கையிலேருந்துதான் போகும்," என்றான். "அப்புறம் முன்பணத்துக்கு எங்க போறது? பதினேழு வீடு பாத்தோம், அனினா. இந்த ஒண்ணுதான் கிடைச்சுது. இன்னும் அஞ்சு வாரம்தானே?"

"எங்க போனா? எந்த டாக்டர்கிட்ட?"

நான் எழுந்து வாசலுக்குப் போய் அவனுடைய கோட்டையும் கார் சாவியையும் எடுத்து வந்தேன். அவன் கோட்டைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளவில்லை.

"முதல்ல அந்த நம்பரை மாத்து. நாளைக்குப் பேசிக்கலாம்."

அவனுக்கு நேர் எதிரே நின்றேன். என் உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணை மூடினேன். இவ்வளவு பக்கத்தில் நின்று அவனை நேராகப் பார்ப்பது எனக்கு இன்றும் கூச்சம்தான். பார்த்தேன்.

"என் முகம் தெரியுதா?"

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதை நிறுத்தக் கை நீட்டினான். கை குழாய்க்கு மேலாகக் காற்றில் போனது.

"கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிக்கிட்டே வருது," என்றான். "உன் கண்ணு தெரியுது. மூக்கு திங்கக்கிழமை வரைக்கும் தெரிஞ்சுது."