வாய்பாட்டுக்கு வந்திருந்தவர்கள்

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் துணிக்கடை சிஹாபுதீன், பாயில் தஸ்பீஹ் மணியோடு அவருடைய அக்காள் பஷீரா, திரைச்சீலைக்குப் பின்னால் மனைவி சுல்தானா, இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தர வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண் நாகம்மா, மேசையில் சிலேட்டோடு மகன் ஷரீஃபுதீன், எதிரே வாத்தியார் தனபாலன். ஒரு பையன் வாய்பாடு சொல்ல இத்தனை பேர்.

தனபாலன் வாத்தியாரே இல்லை. இரவெல்லாம் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ்கட்டிகளை இழுத்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் காஜா பேராங் தெருவிலிருக்கும் இந்த வீட்டுக்கு வந்து இந்தப் பையனோடு மல்லுக்கட்டுகிறவன். பல மாதமாக இந்தக் கூடத்தில் கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரை பையனைத் தன் அறைக்குத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை. நாளைக் காலை மறுபடி கேட்பார். அதிலும் தோற்றால் பள்ளிப் பதிவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். தனபாலனின் பெயரை அப்படித்தான் அடித்தார்கள். அதன் பலனைத்தான் ராத்திரிதோறும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறான்.

"ஏழெட்டு?"

ஷரீஃபுதீன் கூரையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். "அம்பத்தாறு சார்."

"ஒம்பதாறு?"

மறுபடி பாய். "அம்பத்திநாலு."

தனபாலனும் பாயைப் பார்த்தான். பஷீராவின் கட்டைவிரல் ஐந்து மணி தள்ளி, நின்று, நாலு மணி தள்ளி ஓய்ந்திருந்தது.

"அக்கா, என்ன ஓதுறீங்க?"

"ஸுப்ஹானல்லாஹ்தான் தம்பி."

"அஞ்சும் நாலுமாவா?"

"புள்ள முழிக்கிறான். பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

பஷீரா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனாள்.

"எட்டெட்டு?"

"அறுபத்திரெண்டு." திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. "அறுபத்திமூணு." மறுபடி குலுங்கியது. "அறுபத்திநாலு." சத்தமில்லை.

சுல்தானாவை அடுப்படிக்கு அனுப்பும்படி தனபாலன் சிஹாபுதீனிடம் சொன்னான். விரலை மடக்கி மடக்கி மலாயில் எண்ணிக்கொண்டிருந்த நாகம்மா, "காசியான் பூடாக் இனி" என்று பையனுக்காகப் பரிதாபப்பட்டு, சல்லடையை மறுபடி கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நான் வாயே தெறக்கலையே வாத்தியாரே" என்றார் சிஹாபுதீன்.

"சரியான பதில் வந்தா தாடியைத் தடவுறீங்க நானா. நீங்களும் போங்க."

இப்போது இரண்டே பேர்.

"ஏழாறு?"

"நாப்பது... நாப்பத்தி... நாப்பத்திரெண்டு."

சரி. இன்னும் நாலைந்து கேட்டான். இழுத்து இழுத்து எல்லாம் சரியாகவே வந்தது. தனபாலனுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் கவனித்தான்: பையன் கண் ஒருமுறைகூடச் சிலேட்டுக்குப் போகவில்லை, தன் முகத்திலேயே நின்றது. தனபாலன் கையால் தன் முகத்தை மூடிக்கொண்டு கேட்டான்.

"எட்டொம்பது?"

பையன் விரலிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"சார், கையை எடுங்க சார்."

"எதுக்குடா?"

"தப்புன்னா உங்க புருவம் சுளிக்கும். மூடிக்கிட்டா எப்படித் தெரியும்?"

தனபாலனுக்கு அறையலாம் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"நாளைக்குத் துரை சுளிப்பாராடா?"

"அவரு கல்லு மாதிரி உக்காந்திருப்பாரு சார். அதான் போன வாரம் போச்சு."

"அந்தக் கல்லுக்கு முன்னாலதான் நாளைக்கு நிக்கப் போறே. அம்மாவும் இல்ல, பஷீரா மாமியும் இல்ல."

"நீங்க ஜன்னல் பக்கம் வந்து நின்னா..."

தனபாலன் சிலேட்டை இழுத்து, எட்டாம் வாய்பாட்டை விடையில்லாமல் எழுதி, அவன் முன்னால் தள்ளினான். ஜன்னலைச் சாத்தினான்.

"எங்க சார் போறீங்க?"

"வெளியே. எட்டெட்டாக் கூட்டிக்கிட்டே போ. வரும்."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் கூட்டு."

வாசலில் பஷீரா மணியை உருட்டத் தயாராகக் கதவோரம் நின்றிருந்தாள். தனபாலன் வெளியே வந்தான், கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினான், பூட்டினான்.