உட்கார்ந்து கேட்க வேண்டிய சங்கீதம்

சாவிக்காரரிடம் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைக் கொடுத்துவிட்டால் போதும், மனுஷன் லேசில் விடமாட்டார். தெருமுனையில் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். பூட்டைக் கண்டால் சாவியைத் தேடுகிற புத்தி கோயிலுக்கும் கூடவே வந்துவிடும். "துணியைச் சீட்டுப் போட்டுப் பங்கு வச்சுக்கிட்டாங்கன்னு எந்தக் காலத்துலயோ ஒரு எபிரேயன் பாடி வச்சான். எங்க நடந்துச்சு? சிலுவைக்குக் கீழ நடந்துச்சு! பூட்டு அங்க, சாவி இங்க!" என்பார். ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் வாசிப்பதும், அது இயேசுவிடம் எங்கே நிறைவேறியது என்று நடுநடுவே நிறுத்தி விளக்குவதும் அவர் பொறுப்பு.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஒரு காலத்தில் அவளுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பின்னால் யார் யார் தலையாட்டுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

அதெல்லாம் தம்பி இருந்தவரைக்கும். அவர்களுக்கு ஒரே மகன், தம்பி, தம்பி என்றே கூப்பிட்டு வளர்த்தார்கள். போன வருஷம் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த வாரம், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கடவுளையே கேட்கிற அந்தச் சங்கீதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை வைப்பார் என்று பார்த்தால், "இது நம்மளப் பத்தினது இல்லம்மா. சிலுவையில இயேசு சொல்லப்போறத முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம்" என்றார்.

அட பாவி மனுஷா, அதைச் சொல்கிற நேரமா அது! அழ ஒரு இடம் கிடைத்தது, அதையும் பிடுங்கிக்கொண்டாரே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அவர் கண்ணில் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லறைக்கும் வருவதில்லை. கூப்பிட்டால், "அவன் அங்க இல்லம்மா" என்பார். அவள் தனியாகத்தான் போய் வந்தாள்.

இந்த ஞாயிறு கோயில் வாசிப்பு முறைப்படி அதே சங்கீதம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம், அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் விளக்கம் சொல்லுவீங்களா?"

"சொல்லாம? இருக்கறதுலயே பெரிய தீர்க்கதரிசனம் அதானே?"

"சொன்னா நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் அந்தக் கோயில் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். பாத்துக்குங்க."

அவர் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கோயிலில் சங்கீதத்தை உட்கார்ந்து கேட்பார்கள். நற்செய்தி வாசிக்கும்போதுதான் எழுந்து நிற்பார்கள். எப்போது எழுவது என்று யார் கவனிக்கிறார்கள்? பாதிப் பேர் அரைத்தூக்கம். முதல் பெஞ்சு எழுந்தால் மற்றதும் எழும், அவ்வளவுதான்.

சாவிக்காரர் முதல் வரியை வாசித்தார். நிறுத்தினார். விளக்கம் சொல்லப்போகிற விரல் மேலே போயிற்று.

முதல் பெஞ்சில் இருந்த அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள்.

பக்கத்தில் இருந்த டீச்சர், ஐயோ நற்செய்தி வந்துவிட்டதே என்று பதறி எழுந்தார். டீச்சரைப் பார்த்துப் பின் பெஞ்சு, அதைப் பார்த்து அதற்குப் பின் பெஞ்சு. சபை முழுக்க மடமடவென்று எழுந்து நின்றது. போதகரும் குழம்பிப்போய் எழுந்துவிட்டார். வெளியே போக வழியே இல்லை. டீச்சரின் பெரிய உடம்புக்கும் சுவருக்கும் நடுவே, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் மாட்டிக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

சாவிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று அவளைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். விரல் மெல்ல இறங்கியது. விளக்கம் வரவில்லை. முதல் வரியையே மறுபடி வாசித்தார். ஏன் என்ற சொல்லிலேயே குரல் உடைந்தது. அடுத்த வரிக்குப் போக முடியாமல், புத்தக மேடையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதார்.

யாரும் உட்காரவில்லை. அடுத்த வரியை அவள்தான் சொன்னாள், நின்ற இடத்திலிருந்தே. எத்தனை முறை அழுது படித்த பக்கம், மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? அதற்கடுத்த வரியை இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்து, வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

"சிலுவையில இயேசுவுக்கும் அந்த நேரத்துல சொந்தமா வார்த்தை வரலை போலம்மா," என்றார் சாவிக்காரர். "யாரோ ஒருத்தன் என்னைக்கோ அழுத பாட்டைத்தான் எடுத்துக்கிட்டாரு."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்?"

"அன்னிக்குத் தெரியலையே."

வீட்டுக்குப் போகிற திருப்பம் வந்தது. அவள் திரும்பினாள். அவர் திரும்பவில்லை, நேரே போகிற சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பியைப் பாத்துட்டுப் போலாமா?" என்றார்.

அவன் அங்கே இல்லை என்று அவள் சொல்லவில்லை. கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.