நாற்பத்தொன்றாம் இறக்கை

ஆலை மானேஜர் மூன்றாவது முறையாக அப்பாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோதுதான் மகளுக்குச் சந்தேகம் வந்தது. துக்கத்துக்கு வந்தவர் முகத்தைப் பார்ப்பார். இவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை தோள்பைக்குள் இருந்தது.

அப்பா, காற்றாலை இறக்கை செய்யும் ஆலையில் தட்டிப் பார்க்கிறவர். அறுபது மீட்டர் இறக்கையைச் சின்னச் சுத்தியலால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போவார். உள்ளே பசை பிடிக்காத இடத்தில் சத்தம் மாறும். அங்கே சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். வட்டமே விழவில்லையென்றால் ஆலையின் கையடக்க ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைப்பார். அந்த ரேகை இல்லாமல் எந்த இறக்கையும் கேட்டைத் தாண்டாது.

வீட்டிலும் அதே பழக்கம்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகைத் தட்டிப் பார்த்து, "உள்ள கொஞ்சம் காலிதான், ஆனா தாங்கும்" என்று சபையிலேயே சொன்னவர். பன்னிரண்டு வருடமாகத் தாங்குகிறது.

நாற்பத்தொன்றாம் இறக்கை தாங்காது என்று படுக்கையில் விழுந்தபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். "வெறுங்குடம் மாதிரி கேக்குதும்மா. பிச்சிக்கிட்டுப் பறந்தா யார் தலையில எறங்குமோ."

மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே ஆலை கேட். உள்ளே நீள லாரி ஒன்று இறக்கையைச் சுமந்தபடி, மூக்கு கேட்டில் இடிக்காத குறையாக, இன்ஜினை அணைக்காமல் நின்றது.

அவள் அலமாரியிலிருந்து அப்பாவின் கையுறைகளை எடுத்துவந்தாள்.

"இப்ப எதுக்கும்மா அது?" என்றார் மானேஜர்.

"அப்பாவுக்குக் கை குளிரும் சார்."

"கொஞ்ச நேரம் பிடிச்சிட்டிருக்கேனே. இருபது வருசப் பழக்கம்."

"இடது கையைப் பிடிச்சுக்குங்க. அதுவும் அப்பா கைதான்."

மானேஜர் இடது கையைப் பிடிக்கவில்லை. அவள் வலது கையில் கையுறையை மாட்டி, மணிக்கட்டில் நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டாள். தோள்பைக்குள் ஏதோ கீச்சென்று கத்தி அடங்கியது. போன் என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அப்பாவைத் தூக்கியபோது, தாங்குகிற மாப்பிள்ளைதான் முன்னால் தோள்கொடுத்தார். அவர்கள் தெருவில் இறங்கும்போது எதிரே லாரி மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இறக்கையின் வயிற்றில், யாரோ ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் போகாத ஒரு சிவப்பு வட்டம்.

கையுறையின் சாக்கட்டிப் பொடி மகளின் விரல்களில் ஒட்டியிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.