கிளெமான்ஸின் முதல் புட்டி

எங்கள் ஊரில் பெண் பிறந்தால், அந்த வருடத்து வெள்ளை ஒயினில் இருபத்து நான்கு புட்டிகளைத் தகப்பன் எடுத்து வைத்துவிடுவான். லேபிள் ஒட்டுவதில்லை. கல்யாணத்தன்றுதான் ஒட்டுவோம். அதில் என்ன எழுதுவது என்பது, அத்தனை வருடம் புட்டிகளுக்கு இடம் கொடுத்த வீட்டின் உரிமை. முதல் புட்டியைத் திறக்குமுன் பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று அதை உரக்கப் படிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

பக்கத்துத் தோட்டத்து லுசியேன் கர்தோவின் நிலவறையில் ஆற்றுத் தண்ணீர் ஏறும். அதனால் அவர் மகள் கிளெமான்ஸின் புட்டிகள் எங்கள் சுண்ணாம்புக்கல் குகையில் படுத்திருந்தன. பகை வந்த பிறகும் அவர் எடுத்துப் போகவில்லை. பழைய ஒயினைக் குலுக்கக் கூடாது. மனிதர்களைத்தான் எப்படி வேண்டுமானாலும் குலுக்கலாம்.

நான்கு வருடங்களுக்கு முன், மே மாதத்தில், காற்றடித்த ஒரு மதியம் லுசியேன் டிராக்டரில் களைக்கொல்லி தெளித்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். பத்தே நாளில் எங்கள் ஓரத்து மூன்று வரிசைகளின் அடியில் புல் துரு நிறமாகிவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி இலைகளைப் பறித்துக்கொண்டு போனார். விஷம் இருந்தது.

ஊர்க் கூடத்தில் விசாரித்தபோது லுசியேன் எழுந்தார். "அன்னைக்கு நான் தோட்டத்துப் பக்கமே போகல. என் பொண்ணு தலைமேல சத்தியம். புல்லு வெட்டச் சோம்பல்பட்டு அவங்களே அடிச்சிருப்பாங்க."

நான் பார்த்ததைச் சொல்லியும் ஊர் அவரையே நம்பியது. எங்கள் லேபிளிலிருந்து 'இயற்கை' என்ற சொல் போனது. முப்பது வருடம் ரசாயனத்தைத் தொடாமல் கொடி வளர்த்த என் அப்பா ஆன்செல்ம், வாசல் பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். சந்தையில் யாராவது, "என்ன ஆன்செல்ம், இன்னைக்கு மருந்தடிச்சாச்சா?" என்று சிரித்தால், காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு அந்தச் சொல் திரும்பி வந்தது. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிளெமான்ஸ் புட்டிகளுக்காக வந்தாள். சின்ன வயதில் எங்கள் வரிசைகளில் முழங்கை வரை சாறு வழியப் பழம் தின்றவள். அச்சடித்து வைத்திருந்த லேபிள் கற்றையை அவளிடம் நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள்.

"இருபத்து நாலுலயும் இதேவா, சொலேன் அக்கா?"

"இருபத்து நாலுலயும்."

"என் கல்யாணத்துல?"

"எங்கப்பாவப் பொய்யன் ஆக்கினது உன் தலைமேல சத்தியம் பண்ணித்தான்."

அவள் காலிப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் தெளிப்பான கழுவினது நான்தான்," என்றாள். "நாலு வருஷமா வாயத் தொறக்கல. தலைவலி வந்தாக்கூட அந்தச் சத்தியந்தான் ஞாபகம் வருது."

"அதான் எங்க பக்கம் வர்றதையே நிறுத்திட்டியா?"

"எந்த முகத்தோட வர்றது?" கற்றையிலிருந்து ஒரே ஒரு லேபிளை உருவினாள். "மாப்பிள்ளை வீட்டு மேசைங்களுக்கு வெறும் பேரும் வருஷமும் போதும். இது முதல் புட்டிக்கு. ஆனா பெரிய எழுத்துல அடிச்சுக் குடுங்க. போட்டோவுக்கு அழகா இருக்கணும்னு அப்பா கண்ணாடி போட மாட்டாரு."

சனிக்கிழமை மதிய விருந்து. குகை கொடுத்த வீட்டுக்கு வழக்கப்படி முதல் மேசை. லுசியேன் எங்களைப் பார்க்காமலே புட்டியைத் தூக்கிப் பிடித்தார். கோயில் மணி மாதிரிக் குரல்.

"இது என் மகள் கிளெமான்ஸ் பிறந்த வருடத்து ஒயின். இதை எனக்காகக் காத்தது ஆன்செல்மின் குகை. ஆன்செல்மின் கொடிகள் மேல்..."

நின்றுவிட்டார்.

பின் மேசைகளில் கரண்டிகள் தட்டத் தொடங்கின. "படிங்க! படிங்க!" அவர்களுக்கு என்ன தெரியும்? சந்தோஷத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

லுசியேன் என்னைப் பார்த்தார். நான் காலிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். மகளைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்கப்பா," என்றாள் கிளெமான்ஸ், முகத்திரையைப் பின்னால் தள்ளியபடி. "எனக்கு ஆகாது."

"...களைக்கொல்லி அடித்தது நான்," என்று முணுமுணுத்தார்.

கரண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சந்தையில் சிரித்தவர்களில் ஒருவர் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் இந்த நிமிடத்தை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

அப்பா மெதுவாகக் காதுக் கருவியைக் கழற்றினார். சட்டைப்பையில் போட்டார். எழுந்தார்.

"லுசியேன், எனக்குக் காது கேக்காது. இன்னொரு தடவ படி."

லுசியேன் படித்தார்.

"கடைசி வரி விழல. சத்தமா."

மூன்றாவது முறை, சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பையை நீட்டினார்.

"இப்ப ஊத்து."